பாட்டி பேசுகிற இத்தாலியனும் பரீட்சை கேட்கிற இத்தாலியனும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மொழிப் பரீட்சைகள் பற்றிப் போன இதழில் மெல்பர்ன் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். வீட்டிலேயே பேசுகிற மொழியை எடுத்துப் படிக்கும் பிள்ளைகள் மார்க்கை அள்ளிக்கொண்டு போகிறார்கள், அவர்களைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும் என்கிறார். பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி, அதாவது அந்த 'வீட்டில் பேசுகிற மொழி' என்பதை யார் எப்படி முடிவு செய்வது, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

நான் இருப்பது சிட்னி. என் மகள் ஹெச்.எஸ்.சி.க்கு, அதாவது இங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் எழுதுகிற பரீட்சைக்கு, இத்தாலியன் எடுத்தாள் (ஏன் தமிழ் எடுக்கவில்லை என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை, சின்னவன் எடுத்திருக்கிறான்). இத்தாலியனுக்கு இங்கே மூன்று படி: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு பிகினர்ஸ், முன்பே படித்துத் தொடர்கிறவர்களுக்கு கன்டின்யூவர்ஸ், அதற்கு மேல் எக்ஸ்டென்ஷன். பிகினர்ஸில் சேர விதி உண்டு: உயர்நிலைப் பள்ளியில் அந்த மொழியை 100 மணி நேரத்துக்கு மேல் படித்திருக்கக் கூடாது, முன்பே தெரிந்திருந்தாலும் கொஞ்சம்தான் தெரிந்திருக்கலாம். மாணவர் எக்ஸ்சேஞ்சில் அந்த நாட்டுக்குப் போய் மூன்று மாதத்துக்கு மேல் ஒரு குடும்பத்தோடு தங்கி அங்கே பள்ளிக்கும் போய் வந்தவர்களுக்கு இடமில்லை. இதில் மணிக்கணக்கும் மாதக்கணக்கும் தெளிவாக இருக்கிறது. 'கொஞ்சம் தெரியும்' என்பதுதான் ரப்பர் மாதிரி, இழுக்கிறவர் கையில் இருக்கிறது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணும் என் மகளும் ஒரே வகுப்பு. அவளுடைய தாத்தாவும் பாட்டியும் 1950களில் இத்தாலியின் தெற்கே இருக்கிற சிசிலித் தீவிலிருந்து கப்பலில் வந்தவர்கள். அம்மா, அப்பா இரண்டு பேருமே இங்கே பிறந்தவர்கள், வீட்டில் ஆங்கிலம்தான். பாட்டி மட்டும் சிசிலியன் பேசுவார். வருஷா வருஷம் வெயில் காலத்தில் அவர்கள் வீட்டு கராஜில் கூடை கூடையாகத் தக்காளி வந்து இறங்கும், குடும்பமே சேர்ந்து அரைத்து, பாட்டிலில் அடைத்து, பெரிய அண்டாவில் வேக வைப்பார்கள், நாங்களும் போய் நிற்போம். பாட்டி பேத்தியைக் கூப்பிடுவது 'பிச்சிரித்தா' என்று. குழந்தைக்குப் பாடப்புத்தகம் சொல்லித் தருகிற சொல் 'பம்பினா'. 'இங்கே பார்' என்பதற்கு பாட்டி 'தலீயா' என்பார், புத்தகத்தில் 'குவார்தா'. நம் வீட்டில் 'இங்க பாருடா' என்று வளர்ந்த பிள்ளையிடம் திடீரென்று 'நோக்குக' என்று எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? அதைவிடத் தூரம் இது. சிசிலியனை வெறும் வட்டார வழக்கு என்று தள்ளாமல் தனி மொழி என்றே சொல்கிற மொழியியல்காரர்கள் பலர். இத்தாலி ஒரே நாடானதே 1861இல்தான், டஸ்கனிப் பேச்சிலிருந்து வளர்ந்த பொது மொழி தெற்குக் கிராமங்களுக்குப் போய்ச் சேர்வதற்குள், பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத லட்சக்கணக்கான பேர் கப்பல் ஏறிவிட்டார்கள்.

சரி, அந்தப் பெண் பிகினர்ஸ் கேட்டாள். பள்ளியில் அவள் குடும்பப் பெயரைப் பார்த்தார்கள், பாட்டி என்ன மொழி பேசுவார் என்று கேட்டார்கள், அவள் வெள்ளந்தியாக 'இத்தாலியன்' என்றாள். அவ்வளவுதான், 'உனக்குத்தான் தெரியுமே' என்று கன்டின்யூவர்ஸில் போட்டுவிட்டார்கள். ஒரு பத்தி எழுதச் சொல்லிப் பார்க்கவில்லை, ஐந்து நிமிஷம் பேசிப் பார்க்கவும் இல்லை.

அந்த வகுப்பில் இன்னொரு பையன். மிலானில் எட்டு வருஷம் பள்ளிக்கூடம் போய், பதினான்கு வயதில் இங்கே வந்தவன். நல்ல பையன், அவன் மேல் ஒரு குறையும் இல்லை. சீனம், ஜப்பானியம், கொரியன், இந்தோனேசியன் என்றால் அவனைக் கன்டின்யூவர்ஸில் சேர்த்திருக்க மாட்டார்கள். அந்த மொழியே பயிற்றுமொழியாக இருக்கும் பள்ளியில் ஒரு வருஷத்துக்கு மேல் படித்தவர்களுக்கு அங்கே கதவு சாத்தியிருக்கும், அவர்களுக்கென்று வேறு பாடம் உண்டு. இத்தாலியனுக்கு அப்படித் தனிப்பாடம் கிடையாது. ஆக மிலான் பையனும், தக்காளி அரைக்கிற பெண்ணும், ஏழாம் வகுப்பிலிருந்து அகராதியும் கையுமாக அலைந்த என் மகளும் ஒரே தாளை எழுதினார்கள்.

வாய்மொழித் தேர்வு பத்து நிமிஷ உரையாடல், 20 மார்க். அதற்குப் பழகும்போது நடந்ததை என் மகள் வந்து சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் குடும்பத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். தாத்தா முப்பது வருஷம் 'ஃபத்தோரியா'வில் வேலை பார்த்தார் என்று சொல்லியிருக்கிறாள். இங்கே வந்த இத்தாலியர்கள் ஆங்கில 'ஃபாக்டரி'யைத் தங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி திருப்பிக்கொண்ட சொல் அது. ஆனால் இத்தாலியில் ஃபத்தோரியா என்றால் பண்ணை. ஆசிரியை ஆர்வமாக, 'எத்தனை மாடு வைத்திருந்தார்?' என்று கேட்டாராம். பாவம், தாத்தா வேலை பார்த்தது பிஸ்கட் கம்பெனியில். வேலிக்கு 'ஃபென்சா', காருக்கு 'காரோ' என்று இன்னும் ஒரு மூட்டைச் சொற்கள் அவளிடம் இருந்தன. அத்தனையும் பாட்டியோடு பேசப் போதும், பரீட்சையில் அத்தனையும் தப்பு. என் மகளுக்கு அந்தச் சிக்கலே இல்லை, ஏனென்றால் மறப்பதற்கு அவளிடம் எதுவும் இல்லை. கடைசியில் என் மகளைவிட அந்தப் பெண்ணுக்கு மார்க் குறைவு. மெல்பர்ன் வாசகர் சொல்கிற 'அள்ளிக்கொண்டு போகிற' கூட்டத்தில்தான் அவளையும் சேர்த்திருந்தார்கள்!

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பின்னணிக்கும் ஒரு தாள் என்று நறுக்கிக்கொண்டே போகவும் முடியாது. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கல்லூரித் தரத்தில் எழுதுகிற ஏ.பி. தேர்வுகளில் இத்தாலியன் தேர்வையே, எழுத ஆள் போதவில்லை என்று 2009க்குப் பிறகு நிறுத்திவிட்டு, மறுபடி 2012இல்தான் நடத்தினார்கள். ஆனால் அந்த ஏ.பி.யில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே தாள், யாரையும் தடுப்பதில்லை. வீட்டில் அந்த மொழியைப் பேசுகிறாயா, கேட்கிறாயா, அது பேசப்படுகிற நாட்டில் ஒரு மாதமோ அதற்கு மேலோ இருந்திருக்கிறாயா என்று கேட்டுக்கொள்கிறார்கள். இல்லை என்றவர்களின் மதிப்பெண் விவரத்தைத் தனியாகவும், எல்லாரையும் சேர்த்து ஒன்றாகவும் வெளியிடுகிறார்கள். வகுப்பறையில் மட்டும் படித்த பிள்ளை தன்னைப் போன்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அங்கேயும் பாட்டி பேசுவதைக் காதில் கேட்டவளும் மிலானில் படித்தவனும் ஒரே பெட்டிக்குள்தான் விழுவார்கள், அந்தக் குறை இருக்கிறது.

என்னைக் கேட்டால், எந்த மொழியில் கணக்கும் வரலாறும் படித்தாய், எத்தனை வருஷம் படித்தாய், இந்த இரண்டு கேள்விதான் முதலில் வர வேண்டும். அப்புறம் ஒரு சின்னப் பத்தி எழுதச் சொல்லி, கொஞ்சம் பேச விட்டுப் பார்த்தால் எந்த ஆசிரியருக்கும் அரை மணியில் விளங்கிவிடும். குடும்பப் பெயரும் தாத்தா ஏறி வந்த கப்பலும் எதற்கு?

இதில் நமக்கும் பங்கு உண்டு. இங்கே ஹெச்.எஸ்.சி.யில் தமிழுக்கு கன்டின்யூவர்ஸ் ஒன்றுதான். சின்னவன் போகும் சனிக்கிழமை வகுப்பில் யாழ்ப்பாணத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்து வந்த பிள்ளையும் இருக்கிறாள், 'வந்தேன்' என்பதை 'வண்டேன்' என்று எழுதுகிற என் பையனும் இருக்கிறான், இரண்டு பேருக்கும் விண்ணப்பத்தில் வீட்டு மொழி தமிழ்தான். அந்தக் கட்டத்தை நிரப்பியது நான்தான், யோசிக்கவே இல்லை.

பத்தாம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்கும் நேரம் வரப்போகிறது. படிவம் நிரப்பும் பெற்றோர் வீட்டு மொழி என்ற இடத்தில் ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், பிள்ளைக்குக் கேட்டால் மட்டும் புரியுமா, பேசுவானா, எழுதப் படிக்கத் தெரியுமா, எந்த வகுப்பு வரை எங்கே படித்தான் என்று ஓரத்திலாவது இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் இதைச் சொன்னேன். இன்னொரு பேத்தி இருக்கிறாளாம், எட்டாம் வகுப்பு. 'அவளை 'சிசிலியன்' என்றே எழுதச் சொல்கிறேன்' என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சிட்னி