பழம் தின்னச் சொல்கிறோம், அளவைச் சொல்வதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை தொடங்கியதும் 'பருவப் பழங்களைச் சாப்பிடுங்கள்' என்ற அறிவுரை எல்லா நாளிதழ்களிலும் வந்துவிடுகிறது. நல்ல அறிவுரைதான். ஆனால் எவ்வளவு, எதைக் குறைத்துக்கொண்டு, எந்த நேரத்தில் என்பதை யாரும் எழுதுவதில்லை. விளைவு, ஒரு சாரார் முழுச் சாப்பாட்டின் மேல் இரண்டு மாம்பழத்தை ஏற்றிக்கொள்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்களோ மாம்பழம் இருக்கும் பக்கமே திரும்பாமல், மெழுகு பூசிய வெளிநாட்டு ஆப்பிளை மருந்து போல வாங்கித் தின்கிறார்கள். இரண்டுக்கும் அவசியமில்லை.

முதலில் அளவு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு 100 கிராம் பழமும் 400 கிராம் காய்கறியும் (கீரையையும் சேர்த்து) சொல்லப்பட்டிருக்கிறது. காய்கறியில் கால் பங்குதான் பழம் என்பதைக் கவனிக்க வேண்டும். காய் ஒரு கரண்டி, பழம் ஒரு தட்டு என்று சாப்பிட்டுவிட்டு அதை ஆரோக்கிய உணவு என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். இந்த 100 கிராம் தோல், கொட்டை நீக்கிய எடை. நடுத்தரக் கொய்யா ஒன்று, 350 கிராம் எடையுள்ள பங்கனப்பள்ளி மாம்பழத்தில் பாதி, பூவன் வாழைப்பழம் ஒன்று, பலாச்சுளை நான்கைந்து என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இதைவிடக் கொஞ்சம் கூடினால் ஆபத்தொன்றும் இல்லை. கூடியதற்கு ஏற்ப வேறெதுவும் குறையாததுதான் சிக்கல்.

100 கிராம் மாம்பழத்தில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஏறக்குறைய 50 கிராம் வெந்த சோற்றிலும் அவ்வளவுதான். கொய்யாவிலும் அதே அளவு உண்டு என்றாலும், அதில் 5 கிராம் நார்ச்சத்து சேர்ந்து வருவதால் சர்க்கரை மெதுவாக ஏறும். பலாவும் சீத்தாப்பழமும் 20 கிராமைத் தாண்டும். தர்பூசணி 8 கிராமுக்குள் அடங்கிவிடும், பெரும்பகுதி தண்ணீர். ஆகவே சர்க்கரை கட்டுப்பாட்டில் இருப்பவர் அரை மாம்பழம் சாப்பிடலாம். அன்றைக்கு ஒரு கரண்டிச் சோறு குறைய வேண்டும். சாப்பாட்டோடு சேர்க்காமல் காலை 11 மணிக்கோ மாலை 4 மணிக்கோ பழத்தைத் தனியாகச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக் கருவியில் சோதித்துப் பார்த்தால் தன் உடம்புக்கு எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்துவிடும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். நாவல் பழ சீசனில் கொட்டைப் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நாவல் நல்ல பழம், உப்புத் தூவிச் சாப்பிட அதற்கு இணையில்லை. ஆனால் அது மாத்திரைக்கு மாற்று அல்ல.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு. அவர்கள் சர்க்கரையைவிடப் பொட்டாசியம் கூடாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். வாழை, பலா, இளநீர் மூன்றையும் மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் தொடக்கூடாது. நட்சத்திரப் பழத்தை அறவே தவிர்க்க வேண்டும். பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத நரம்பு நச்சு அதில் இருக்கிறது.

'சாப்பிட்டவுடன் பழம் தின்றால் வயிற்றில் புளித்துப்போகும்' என்ற பேச்சுக்கு அடிப்படை கிடையாது. இரைப்பையின் அமிலம் அப்படிப் புளிக்க விடாது. இன்னும் சொன்னால், ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடுதான் பழம் சாப்பிட வேண்டும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு இவற்றிலுள்ள இரும்பை உடம்பு எளிதில் ஏற்பதில்லை. அதே வேளையில் வைட்டமின் சி உள்ளே போனால் கூடுதலாக ஏற்கும். 100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் வைட்டமின் சி, ஆரஞ்சில் 50, ஆப்பிளில் 5. நோயாளியைப் பார்க்கப் போகும்போது எந்தப் பழத்தை வாங்கிக்கொண்டு போகிறோம் என்று யோசித்துப் பாருங்கள்! மதியச் சாப்பாட்டோடு அரைக் கொய்யா போதும். ஆனால் உடனே டீ குடித்தால் அந்தப் பலனில் பெரும்பகுதி போய்விடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம்.

ஜூஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தம்ளர் சாத்துக்குடிச் சாற்றுக்கு மூன்று நான்கு பழம் போகிறது. வடிகட்டியதும் நார் குப்பைக்குப் போகிறது. மேலே இரண்டு ஸ்பூன் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் பழச்சாற்றில் இயல்பாக உள்ள சர்க்கரையையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது.

இனி மாம்பழம் வாங்குவது. பிப்ரவரி, மார்ச்சில் தள்ளுவண்டியில் மஞ்சள் மஞ்சேரென்று இருப்பதைச் சந்தேகப்படுவதே நல்லது. நம் பக்கத்தில் பெரும்பாலான ரகங்கள் ஏப்ரல் பாதிக்கு மேல்தான் முற்றும். காயைச் சீக்கிரம் பழுக்க வைக்கப் போடும் கார்பைடு கல் ஈரத்தில் அசிட்டிலீன் வாயுவை விடும். அதோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்த வாயுக்களும் கொஞ்சம் வரும் என்பதால்தான் அதற்குச் சட்டப்படி தடை. பழமே இயற்கையாக வெளியிடும் எத்திலீன் வாயுவை, மூடிய அறையில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை விடுவதற்கு அனுமதி உண்டு. அதைக் கார்பைடோடு சேர்த்துப் பயப்பட வேண்டாம். கார்பைடில் தோல் மட்டும் நிறம் மாறும், உள்ளே கொட்டையை ஒட்டி வெளிறிப் புளிக்கும், மணம் இருக்காது. இளங்காயை எந்த முறையில் பழுக்க வைத்தாலும் இனிக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

முற்றிய காயாக வாங்கி வீட்டில் பழுக்க வைப்பதுதான் உத்தமம். காம்பைச் சுற்றியுள்ள மேல்பகுதி (தோள்) புடைத்து, காம்பு குழிக்குள் அமர்ந்திருக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் முற்றிய காய் பெரும்பாலும் அமிழும், பிஞ்சு மிதக்கும். ஈரம் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்று அழுத்தாமல் வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்தால் நான்கிலிருந்து ஆறு நாளில் பழுக்கும். தினமும் ஒருமுறை பார்த்து அழுகலை எடுத்துவிடாவிட்டால் பக்கத்தில் உள்ளதும் கெடும். பழுக்காத காயை ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது. சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் சாம்பல் பூத்து, வெளியே எடுத்த பிறகும் சரியாகப் பழுக்காது. சாப்பிடுவதற்கு முன் காம்பைக் கிள்ளி அரை மணி நேரம் தண்ணீரில் போட்டுக் கழுவினால் பால் போய்விடும். வாய் ஓரம் புண்ணாவதைச் 'சூடு' என்கிறோம். பெரும்பாலும் அது இந்தப் பாலின் வேலை. சீசன் முடியும் தறுவாயில் வரும் நீலம் ரக மாம்பழத்தில் கொட்டைக்குள் வண்டு இருந்தால் அருவருப்பாக இருக்கும்தான். பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே தாய் வண்டு முட்டையிட்டுப் போனது அது, வெளியே ஓட்டை தெரியாது. சதை கெடாமல் இருந்தால் அந்தப் பழத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

தங்கள் நாளிதழில் காய்கறி விலை வெளியாகும் இடத்தில் அந்தந்த மாதப் பழங்களின் விலையையும் சேர்க்கலாம் என்பது எங்கள் வேண்டுகோள். ஜூன், ஜூலையில் நாவல், ஆகஸ்டிலிருந்து சீத்தாப்பழம், மார்கழி, தையில் இலந்தை என்று போட்டு, 100 கிராமுக்கு எத்தனை பழம் நிற்கும் என்பதையும் பக்கத்திலேயே அச்சிட்டால், பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்புகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர்கள் இருவர்,
சேலம்.