செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, சனசமூக நிலைய அங்கத்தவர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு பத்து நிர்வாகக் கூட்டங்கள் கூட்டப்பட்டன. மூன்று, ஆள் போதாமல் கலைந்தன. சரஸ்வதி பூசை, சிரமதானம், பிள்ளைகளுக்குக் கொப்பி வழங்கல் வழமைபோல் நடந்தன. வாசிகசாலைக் கூரையின் ஒழுக்கு அடைக்கப்பட்டது.

யூலை 6 மாலையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அன்று பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி மறைந்து 14 ஆண்டுகள். 1932 இல் எங்கள் கரவெட்டியில் பிறந்து விக்னேஸ்வராக் கல்லூரியில் படித்தவர். வாசிகசாலைக்கு வரும் பிள்ளைகளிடம் அவர் யார் என்று கேட்டேன். பெரிய பேராசிரியர் என்றார்கள். நடிகர் என்று ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. அதனால்தான் இந்த முறை நடிகர் சிவத்தம்பிக்கே கூட்டம் வைத்தேன்.

பேராசிரியரை நாடகக்காரனாக்குவதா என்று முகம் சுளித்தவர்களுக்கு இங்கேயே பதில் சொல்கிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே அவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் நாடகங்களில் மேடையேறினார். அப்புறம் இலங்கை வானொலியில், இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்' நாடகத் தொடரில் விதானையாராக, அதாவது ஊர்த் தலைமைக்காரராக, நடித்தவரே அவர்தான். வானொலியில் முகமும் இல்லை, உடுப்பும் இல்லை. எங்கள் பேச்சுத்தமிழை மட்டும் வைத்து ஒரு மனிதனை எழுப்பிக் காட்ட வேண்டும். கொழும்பு சாகிராக் கல்லூரியில் படிப்பித்தார், நாடாளுமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். பிறகு இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் கலாநிதிப் பட்டத்துக்கு அவர் எடுத்த பொருள் எது? பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம். இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவில் பேராசிரியர் சு. வித்தியானந்தனோடு நின்று உழைத்ததும், 1978 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்ததும் அதே வழியில் வந்தவை. நடித்த மனிதர்தான் ஆராய்ந்தார். இரண்டையும் பிரித்தால் அவர் பாதி ஆளாகிவிடுவார்.

அந்த மாலைக்கு வந்தவர்கள் 19 பேர். நிலையத்தின் அங்கத்தவர்கள் 140. வாசலால் போய்க்கொண்டே கை காட்டியவர்களும் உண்டு. கடைசி வரிசையில் இருந்து கேட்ட பாடசாலைப் பிள்ளைகள் ஆறு பேர் இல்லாவிட்டால் நான் பாதியில் நிறுத்தியிருப்பேன்.

வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். மின்கட்டணமும் கூரை வேலையும் போகக் கையிருப்பு சொற்பம். சந்தா கட்டாதவர்கள் 61 பேர். சிலர் மூன்று ஆண்டுகளாகக் கட்டவில்லை. பெயர்களை வாசிக்க மனம் வரவில்லை. ஒலிபெருக்கிக் கூலியில் ஒரு பகுதியை நானே கொடுத்தேன், அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

கணக்கைப் பார்த்த பரிசோதகருக்கும், தேநீர் தந்த மாதர் சங்கத்துக்கும், கதிரை தந்த அயலவர்களுக்கும் நன்றி.

அந்த ஆறு பிள்ளைகளும் எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு நாடகம் எழுதி, வரும் யூலையில் வானொலி நாடகம் போலக் குரலால் மட்டும் நடிக்கக் கேட்டிருக்கிறார்கள். நான் சம்மதித்துவிட்டேன். இரண்டு ஒலிவாங்கியாவது வேண்டும். புதிய செயலாளர் யாராக இருந்தாலும் இதைக் கைவிட வேண்டாம். ஒத்திகை தை முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் 4 மணிக்கு. சந்தாப் பற்றுச்சீட்டுப் புத்தகமும் அந்த நேரம் வாசிகசாலையில் இருக்கும்.

செயலாளர்