வைக்கோல் கட்டை அளந்து பார்க்காமல் சுவரில் வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்பும் வீடுகள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். சூடு உள்ளே இறங்காது, வெளிச்சத்தம் கேட்காது, வயலிலேயே எரிந்துபோகும் தாளுக்கு ஒரு பயன் கிடைக்கிறது, எல்லாம் சரி. ஆனால் எந்த வைக்கோல், எவ்வளவு காய்ந்தது, எவ்வளவு இறுக்கிக் கட்டியது என்று ஒரு வரிகூட இல்லையே! அதை நம்பி யாராவது கிடைத்த கட்டை வாங்கி அடுக்கிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

தெரிந்தவர் ஒருவர் வீட்டில் பூச்சு உப்பிப்போய்ச் சுவரை உடைத்தபோது நானும் கூட நின்றேன். மேல் வரிசைகள் பொன்னிறமாக இருந்தன. அடி வரிசையில் கையை விட்டால் கறுத்துப்போய்ச் சாணி மாதிரி பிசுபிசுவென்று வந்தது, அறை முழுக்கப் பூஞ்சை வாடை. மழையில் நனைந்த கட்டுகள், வெளிப்பக்கம் காய்ந்ததும் எடுத்து அடுக்கிவிட்டார்கள், அதன் மேல் இருபுறமும் சிமெண்ட் பூச்சு, உள்ளே இருந்த ஈரம் எங்கே போகும்? மண் பூச்சோ சுண்ணாம்புப் பூச்சோ போட்டிருந்தால் கொஞ்சமாவது வெளியே விட்டிருக்கும்.

தொட்டுப் பார்த்து ஈரம் தெரியாது. நீண்ட ஊசி உள்ள ஈரமானியைக் கட்டின் நடுவரை குத்திப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பில் 2015 பதிப்பிலிருந்து வைக்கோல் கட்டுச் சுவருக்கென்றே ஒரு பிற்சேர்க்கை இருக்கிறது. கட்டின் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் கூடாது, ஈரத்தைக் கழித்த பிறகு ஒரு கன மீட்டருக்குக் குறைந்தது 104 கிலோ அடர்த்தி வேண்டும் என்கிறது அது.

இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 90 செ.மீ. நீளம், 45 அகலம், 35 உயரம் உள்ள ஒரு கட்டு 17 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். கணக்குப் போட்டால் கன மீட்டருக்கு 120 கிலோ, தாராளமாகத் தேறும். ஆனால் அதில் 20 சதவீதம் ஈரம் என்றால் வைக்கோல் 13.6 கிலோதான், அடர்த்தி 96க்கு வந்துவிடும். எடையாகத் தெரிந்தது தண்ணீர். அப்படித் தளர்ந்த கட்டு கூரைப் பாரம் ஏறியதும் அமுங்கும், பூச்சு விரிசல் விடும்.

அப்புறம் இன்னொன்று. உங்கள் கட்டுரை வைக்கோலையும் உலர்ந்த புல்லையும் ஒன்றாகவே பேசுகிறது. வைக்கோல் என்பது தானியம் போன பிறகு மிஞ்சும் தாள். உலர்புல்லில் இலை, விதை எல்லாம் இருக்கும், அதைச் சுவருக்குள் வைப்பது பூச்சிக்கும் பூஞ்சைக்கும் சோறு போடுவது.

இந்தக் கட்டுமானத்தை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்து ஆர்தர் என்ற சிற்றூரில் 1928இல் வைக்கோல் கட்டால் எழுப்பிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. தீயைப் பற்றிய பயமும் பெரும்பாலும் வேலை நடக்கும்போது தரையில் சிதறிக் கிடக்கும் உதிரி வைக்கோலுக்குத்தான் பொருந்தும், இறுக்கிக் கட்டி இருபுறமும் பூசிய சுவருக்குள் காற்று புக இடமில்லாததால் அவ்வளவு எளிதில் எரியாது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருந்தீர்கள். அதில் 20 சதவீதம், 104 கிலோ என்ற இந்த இரண்டு எண்களையாவது பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்