எமது சிறு மிருகக்காட்சிச்சாலை: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிருவாக சபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஜனவரி முதல் டிசெம்பர் வரை எமது மிருகக்காட்சிச்சாலைக்கு வந்தவை, அங்கே பிறந்தவை, இறந்தவை பற்றிய அறிக்கையை இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மிருகக்காட்சிச்சாலை என்று பெயர்ப்பலகையில் எழுதியிருப்பதால், மட்டக்களப்புப் பக்கம் சுற்றுலா வருகிறவர்கள் வாசலிலேயே சிங்கம் எங்கே என்று கேட்பது இந்த ஆண்டும் தொடர்ந்தது. தெஹிவளையில் 1936 முதல் அரசாங்கம் நடத்தி வருவதை மனதில் வைத்துக்கொண்டு வாவிக்கரைக்கு வந்தால் ஆடு, முயல், தாரா, கினிப்பன்றி, லவ்பேர்ட்ஸ் எல்லாம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பிள்ளைகளை முயல் கூட்டடிக்குக் கூட்டிப் போனால் கொஞ்ச நேரத்தில் சிங்கத்தை மறந்துவிடுகிறார்கள். பெரியவர்கள்தான் போகும்போதும் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

பிராணிகளின் வரவில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த ஆண்டின் பெரிய தலையிடி அதுதான். சங்கம் தானாகத் தேடிப் போய் எடுத்தது ஒரே ஒரு பிராணி: ஜமுனாபாரிக் கலப்புக் கிடாய் ஒன்று. எங்கள் பழைய கிடாயின் பிள்ளைகளே மறிகளாக, அதாவது பெட்டை ஆடுகளாக, வளர்ந்து நின்றதால் வேறு இரத்தக் கிடாய் ஒன்று வேண்டும் என்று மிருக வைத்தியர் ஐயா போன ஆண்டே சொல்லியிருந்தார். படுவான்கரையில் ஆடு வளர்க்கும் ஒருவரிடம் பழையதைக் கொடுத்து இதை மாற்றி எடுத்தோம். மற்ற எல்லாமே கொண்டுவந்து விட்டவை. கொண்டுவந்து விட்டவை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பாதி, விடியற்காலையில் வாசலில் பிஸ்கட் பெட்டிக்குள் கிடந்தவை.

காரணங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பிள்ளை கம்பஸ் போய்விட்டது, முயலுக்குப் புல் பிடுங்க ஆள் இல்லை. வீட்டோடு கனடா போகிறோம், லவ்பேர்ட்ஸை என்ன செய்வது? வாடகை வீடு மாறுகிறோம், வீட்டுக்காரர் வான்கோழி சத்தம் என்கிறார். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வாங்கும்போது ஒரு முயல் எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கும் என்று ஒருவரும் கேட்பதாகத் தெரியவில்லை. ஒழுங்காக வளர்த்தால் எட்டு, ஒன்பது ஆண்டு இருக்கும். நாலாம் வகுப்பில் வாங்கிக் கொடுத்த முயல், பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதும்போதும் புல் கேட்கும்.

ஆவணி மாதம் ஒருவர் அரிசிச் சாக்கில் நட்சத்திர ஆமை ஒன்றைக் கொண்டுவந்தார். வயல் வரம்பில் கிடந்ததாம், உழவு இயந்திரத்துக்குள் அகப்படும் என்று பயந்து எடுத்தாராம். நல்ல மனதுதான். ஆனால் இலங்கையில் அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கும்வரை நாங்களோ, எடுத்தவரோ அதைக் கூட்டில் அடைத்து வைக்க முடியாது. வனசீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர்கள் வந்து பொறுப்பேற்கும்வரை அவர் வாசலில் நின்று, “காசு தரவேண்டாம், பிள்ளைகள் பார்க்கட்டும் என்றுதானே கொண்டுவந்தேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மரை, மான், தேவாங்கு, அழுங்கு, ஆமை என்று எதைக் கண்டாலும் முதலில் எங்களுக்கு அழைப்பு எடுக்கிறார்கள். யானைக்குட்டி ஒன்று தனியாக நிற்கிறது, எடுப்பீர்களா என்றுகூட ஒரு அழைப்பு வந்தது. தாயை இழந்த யானைக்குட்டிகளுக்கு உடவளவையில் 1995 முதல் தனி இல்லம் இருக்கிறது. எங்களிடம் இருப்பது ஆட்டுக் கொட்டில்.

இனி, வரவால் வந்த வினை. சித்திரை வருடப்பிறப்புக் கழிந்த கையோடு அன்பளிப்பாக வந்த ஒரு சேவல், பார்க்க ராசா மாதிரி, அன்றைக்கே மற்றக் கோழிகளோடு விடப்பட்டது. கொண்டுவந்தவர் அது திரிவதைப் பார்த்துவிட்டுப் போக ஆசைப்பட்டார். ஒரு கிழமைக்குள் சேவல் தலையைத் தொங்கப் போட்டது. அப்புறம் ஒவ்வொன்றாகப் பச்சையாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சிலது கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி விழுந்தன. இராணிக்கெட் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நியூகாசில் நோய். வந்தபின் மருந்து கிடையாது, முன்கூட்டியே தடுப்பூசி போட்டால்தான் உண்டு. கோழிகளில் பாதிக்கு மேல் போயின, கினிக்கோழிகளும் தப்பவில்லை. இந்த ஆண்டின் இழப்புப் பட்டியலில் மிக நீளமான பகுதி இதுதான். தாராக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கிருமியால் தாராக்கள் பெரும்பாலும் நோய்ப்படுவதில்லை என்று வைத்தியர் ஐயா விளக்கினார். ஆனாலும் அவை கிருமியைக் காவக்கூடும் என்பதால் அவற்றையும் தனியே பிரித்தோம்.

அதன் பிறகு நிருவாக சபை எடுத்த தீர்மானத்தை அங்கத்தவர்கள் தெரிந்திருக்க வேண்டும். எது வந்தாலும் முதலில் 21 நாள் பின்பக்கத் தனிக்கூட்டில்தான். தனித் தண்ணீர்ப் பாத்திரம், தனித் தும்புத்தடி, பார்க்கிறவருக்குத் தனிச் செருப்பு. கொரோனாக் காலத்தில் எங்களையே அடைத்து வைத்தார்கள், கோழியை வைத்தால் என்ன என்று தலைவர் கேட்டது சரியான கேள்வி. இதனால் இரண்டு நன்கொடையாளர்கள் மனம் நொந்து திரும்பிப் போனார்கள். போகட்டும்.

பிறப்பு விபரம். ஆடுகளில் 7 குட்டிகள், அதில் 5 கிடாய். மறி பிறந்தால் வளர்க்க ஆள் வருகிறது. கிடாய் பிறந்தால் கறிக்குக் கேட்டுத்தான் ஆள் வருகிறது. விற்றால் தீவனச் செலவு சமாளிக்கலாம் என்று சில அங்கத்தவர்கள் கூறியதும், கையால் புல் கொடுத்த பிள்ளைகளிடம் அதை எப்படிச் சொல்வது என்று வேறு சிலர் கேட்டதும் புரட்டாதிக் கூட்டக் குறிப்பில் உள்ளது. வளர்ப்புக்கு மட்டும் கொடுப்பது என்று முடிவாகியது. என் தனிப்பட்ட கருத்து வேறு, ஆனால் முடிவு முடிவுதான்.

முயல் விடயத்தில் கணக்கு வைப்பதே கஷ்டமாகிவிட்டது. “இரண்டும் பொட்டை” என்று சொல்லித் தரப்பட்ட சோடி ஒன்று, சரியாக 31ஆம் நாள் உண்மையைச் சொல்லிவிட்டது. அதற்கு முதல் நாள் மாலை தாய் முயல் வைக்கோலை வாயில் கவ்விக் கொண்டு அங்கும் இங்கும் ஓடியபோது எங்களுக்கு விளங்கவில்லை. இரவு, தன் நெஞ்சு மயிரைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி மூலையில் பரப்பியிருந்தது. காலையில் அந்த மயிருக்குள் கண் திறக்காத, மயிர் முளைக்காத ஆறு குஞ்சுகள், ஒவ்வொன்றும் பெருவிரல் அளவு. அந்த நேரம் ஆள்கூட்டம் எட்டிப் பார்த்தால் தாய் வெருண்டு குட்டிகளை மிதித்துவிடும், தின்றும் விடும். ஆகவே கூட்டைச் சாக்கால் மூடி “பழுது பார்க்கிறோம்” என்று அட்டை தொங்கவிட்டார் காவலாளி அண்ணன். உண்மையை எழுதியிருந்தால் சாக்கைத் தூக்கிப் பார்த்திருப்பார்கள். ஆறும் பிழைத்தன. பிறகு வைத்தியர் ஐயா வந்து எல்லா முயல்களையும் பிடித்துப் புரட்டிப் பார்த்து ஆண் பெண் பிரித்துக் கொடுத்தார்.

கினிப்பன்றிக் குட்டிகள் இதற்கு நேர்மாறு. பிறக்கும்போதே மயிரும் கண்ணுமாகப் பிறந்து, அன்றைக்கே தாயோடு சேர்ந்து இலை கடிக்கின்றன. அவற்றின் உடம்பு மனித உடம்பைப் போலவே வைட்டமின் சீயைத் தானாகச் செய்துகொள்ளாது என்பதால் வல்லாரையும் கொய்யாவும் தினமும் வேண்டும். பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகள் வீட்டுக் கொய்யாவைக் கொண்டுவந்து தந்தது பெரிய உதவி. லவ்பேர்ட்ஸ் பானைகளில் குஞ்சு பொரித்தது வழமைபோல. வான்கோழி அடைகிடந்து ஒன்றும் பொரிக்கவில்லை.

இறப்பில், கோழிகளை விட்டால், அதிகம் பேச வேண்டியது மூத்த மறி ஆட்டைப் பற்றித்தான். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக் காலம் சனம் நிறைய வந்தது. கச்சான், பிஸ்கட், பழத்தோல், அதோடு அவற்றைச் சுற்றிய பொலித்தீனும் வேலிக்குள் போனது. ஒரு கிழமை கழித்து ஆடு அசைபோடுவதை நிறுத்தியது, இடப்பக்க வயிறு கல்லுப்போல் இறுகியது. வைத்தியம் பலிக்கவில்லை. இறந்தபின் வைத்தியர் ஐயா வயிற்றைத் திறந்தபோது, இரைப்பைக்குள் இரண்டு கை சேர்த்துப் பிடிக்கும் அளவில் ஒரு உருண்டை: கடைப் பை, ஐஸ்பழ உறை, கயிறு, சோறு கட்டும் லஞ்ச் சீற் எல்லாம் புல்லோடு முறுகித் திரண்டிருந்தது. லஞ்ச் சீற் 2017 செப்டெம்பரிலேயே நாட்டில் தடைசெய்யப்பட்டது. அந்த உருண்டையைக் கழுவிக் காயவைத்து வாசலில் கண்ணாடிப் போத்தலில் வைத்திருக்கிறோம். அருவருப்பாக இருக்கிறது, எடுங்கள் என்று முறைப்பாடு வந்தது. எடுக்கப் போவதில்லை.

கச்சான் காற்று அடித்த ஆனி, ஆடி மாதங்களில் வெக்கை தாங்காமல் 3 முயல்கள் இறந்தன. முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். தகரக் கூரைக்கு மேல் கிடுகு போட்டு, நனைத்த சாக்குத் தொங்கவிட்டபிறகு இழப்பில்லை. கிடுகு தந்த அங்கத்தவருக்கு நன்றி.

லவ்பேர்ட்ஸ் கூட்டுக்குள் சாரைப் பாம்பு புகுந்தது ஐப்பசியில். வலைக்கண் வழியாக மெலிந்து உள்ளே போனது, இரண்டு பறவைகளை விழுங்கியபின் அதே கண் வழியாக வெளியே வர முடியாமல் நடுவுடம்பு சிக்கி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கிடந்தது. அடிக்கத் தடி எடுத்தவர்களைத் தடுத்து, கம்பியை வெட்டி விடுவித்து வாவிக்கரைப் பற்றைக்குள் விட்டோம். சாரைக்கு விஷமில்லை, தீவன அறை எலிகளை எங்களைவிட அதுவே நன்றாகப் பிடிக்கும். வலை அரை அங்குலக் கண்ணுக்கு மாற்றப்பட்டுவிட்டது.

கடைசியாக வெள்ளம். பின்னர் ஃபெங்கல் என்று பெயர் பெற்ற தாழமுக்கத்தால் நவம்பர் கடைசி வாரம் பெய்த மழையை, உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்திய அந்த மழையை, யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வாவி நிரம்பி, தண்ணீர் பின்வேலியைத் தாண்டி ஆட்டுக் கொட்டிலின் பலகை மட்டத்துக்கு வந்தது. வடிகாலைத் திருத்தித் தரும்படி உரிய அலுவலகத்துக்குச் சித்திரையில் கொடுத்த கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. மீன் பெட்டிகளில் முயல்கள், குளிக்கும் பேசினில் கினிப்பன்றிகள், தோளில் குட்டிகள் என்று இடுப்பளவு தண்ணீரில் பொதுநோக்கு மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். ஆட்டுக்குக் காலில் தண்ணீர் படுவதே பிடிக்காது. கிடாயை இழுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. மண்டபத்தில் ஏற்கெனவே இடம்பெயர்ந்த குடும்பங்கள் இருந்தன. மனிதர் படுக்கிற இடத்தில் ஆடா என்று கேட்டதில் நியாயம் இருந்தது, ஆகவே விறாந்தையோடு நின்றோம். இரண்டாம் நாள் அதே வீட்டார்தான் பாணில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார்கள்.

மின்சாரமும் இல்லை, குளிர்காற்றும் விடவில்லை. 2022 டிசெம்பரில் மன்டூஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்ததைப் பார்த்த நாங்கள், குட்டிகளைச் சாக்கில் சுற்றி, சிரட்டைக் கரி மூட்டிக் காப்பாற்றப் பார்த்தோம். அப்படியும் இரண்டு குட்டிகளுக்குச் சளி கட்டி, ஊருக்குத் திரும்பிய பிறகு இறந்தன. மேலே சொன்ன 7 இல் அவையும் அடக்கம். தாராக்களைக் கொண்டுபோகவே இல்லை. தண்ணீர் வடிந்தபோது ஒன்று குறைந்து, அயல்வீட்டுத் தாரா ஒன்று கூடி, எண்ணிக்கை சரியாக இருந்தது. அயல்வீட்டுக்காரர் வந்து கேட்டால் கொடுக்கத் தயார்.

சிரமதானத்துக்கு வந்த இளைஞர் கழகத்தினர், தவிடும் புண்ணாக்கும் கடனாகத் தந்த கடைக்காரர்கள், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த வைத்தியர் ஐயா, சம்பளம் பிந்தியும் ஒருநாள்கூடப் பட்டினி போடாத காவலாளி அண்ணன் ஆகியோருக்கு சங்கத்தின் நன்றி.

இன்று சபை முடிவெடுக்க வேண்டியவை: ஆட்டுக் கொட்டிலை மூன்று அடி உயர்த்திக் கட்டுவது, கோழிகளுக்கு முறைப்படி தடுப்பூசி போடப் பொறுப்பாளர் ஒருவரை நியமிப்பது, முயல் வரவை ஓராண்டுக்கு முற்றாக நிறுத்துவது. மூன்றாவதை நான் முன்மொழிகிறேன், வழிமொழிய ஒருவர் தேவை. கிடாய்க் குட்டி வளர்க்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். முயல் வேண்டுமென்றால் பெயர்கூட வேண்டாம், பெட்டி கொண்டுவந்தால் போதும்.

இங்ஙனம்,
செயலாளர்