செப்டம்பர் டிக்கெட்டை இப்போதே விற்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

மே மாதத்திலேயே டீம் துவண்டுவிட்டது, செப்டம்பருக்கு வாங்கி வைத்த நேஷனல்ஸ் பேஸ்பால் டிக்கெட்டுகளை விற்றுவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் பொறு. எத்தனை ஆட்டம் தோற்றது என்பதை விட்டுவிட்டு, எங்கே ஒழுகுகிறது என்று பார்.

வாஷிங்டனில் குடியிருந்துகொண்டு 2019 சீசனைத் தெரியாமல் இருக்கலாமா? அந்த வருடம் நேஷனல்ஸின் நட்சத்திரம் ப்ரைஸ் ஹார்ப்பர் 13 வருடத்துக்கு 33 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டு பிலடெல்பியாவுக்குப் போய்விட்டார். மே 23 அன்று நியூயார்க்கில் மெட்ஸிடம் வரிசையாக நாலாவது ஆட்டத்தையும் தோற்றபோது கணக்கு 19 வெற்றி, 31 தோல்வி. மேனேஜர் டேவ் மார்ட்டினஸைத் தூக்குங்கள் என்று ஊரே கத்தியது. அதே டீம் மிச்சமிருந்த 112 ஆட்டத்தில் 74 ஜெயித்தது, கடைசியில் சாம்பியன் பட்டத்துக்கான உலகத் தொடரையும் ஜெயித்தது.

மாயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஷெர்ஸர், ஸ்ட்ராஸ்பர்க், கார்பின் என்று ஸ்டார்ட்டர்கள் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள், அதாவது பந்து வீசுகிறவர்கள்) மூன்று பேரும் ஆரம்பம் முதலே கெட்டி. ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஃபீல்டிங் செய்யும் ட்ரே டர்னர் ஏப்ரல் தொடக்கத்தில் பன்ட் அடிக்கப் போய் (மட்டையைக் காட்டிப் பந்தை மெல்லத் தட்டுவது) விரலை உடைத்துக்கொண்டார். மற்ற பேட்ஸ்மேன்களில் ரென்டனுக்கு முழங்கையில் அடி, சோட்டோவுக்கு முதுகுப் பிடிப்பு. இவர்கள் திரும்பி வந்ததும் ரன் தானாக வந்தது.

உண்மையான ஓட்டை புல்பென், அதாவது ஸ்டார்ட்டர் களைத்த பிறகு வருகிற பிட்சர்கள் (ரிலீவர்கள்). இவர்கள் ஒரு முழு ஆட்டமான ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக ஐந்தரை ரன்னுக்கு மேல் கொடுத்தார்கள். அவர்களில் ட்ரெவர் ரோஸன்தால் முதல் நாலு ஆட்டத்தில் ஒருவரைக்கூட அவுட் ஆக்கவில்லை. (ஃபீல்டர் தவறால் வந்ததை விட்டுவிட்டு) கொடுத்த ரன்னை ஒன்பதால் பெருக்கி, வீசிய இன்னிங்ஸால் வகுத்தால் வருவதுதான் இ.ஆர்.ஏ. அவுட்டை வைத்தே இன்னிங்ஸ் எண்ணுவதால், அவர் விஷயத்தில் பூஜ்யத்தால் வகுக்க வேண்டியிருந்தது. ஸ்கோர்போர்டில் முடிவிலிக் குறியைப் பார்ப்பதெல்லாம் இந்த விளையாட்டில்தான் நடக்கும்!

இப்போது உன் இந்த வருட டீமுக்கு வா. இரண்டு வேலை செய்.

முதலில், எடுத்த ரன், கொடுத்த ரன் இரண்டையும் தனித்தனியாக வர்க்கம் பண்ணு. எடுத்ததன் வர்க்கத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகு. அந்த விகிதத்தில்தான் ஒரு டீம் ஜெயித்திருக்க வேண்டும். 2019-ல் நேஷனல்ஸ் எடுத்தது 873, கொடுத்தது 724. கணக்குப் போட்டால் 162-க்கு 96 வெற்றி வருகிறது, உண்மையில் கிடைத்தது 93. அந்த மூன்றைப் புல்பென் தின்றது என்பது என் ஊகம். உன் டீமின் கணக்கு நிஜ வெற்றியைவிட நாலைந்து கூடுதலாக வந்தால் டிக்கெட்டைத் தொடாதே.

அடுத்தது, ஸ்டார்ட்டர்கள் எத்தனை இன்னிங்ஸ் தாங்குகிறார்கள் என்று பார். ஆறு தாண்டினால் நல்லது. நாலிலேயே கழன்றுகொண்டால் அடுத்து வருகிறவர்கள் ஜூலைக்குள் நைந்துபோவார்கள், அந்த டீமை நம்பாதே. ரிலீவரை ஜூலைக் கடைசி வாக்கில் டிரேடில் (வேறு டீமோடு வீரர்களை மாற்றிக்கொள்வது) வாங்கிவிடலாம். நேஷனல்ஸும் டானியல் ஹட்சனை டொரன்டோவிடமிருந்து அப்படித்தான் வாங்கியது. ஸ்டார்ட்டர் அவ்வளவு மலிவாகக் கிடைக்க மாட்டார்.

இத்தனை ஒழுகிய புல்பென்னோடு உலகத் தொடரை எப்படி ஜெயித்தார்கள் என்று நீ கேட்பாய். எனக்குப் பிடித்த இடமே அதுதான். சீசனில் 186 நாளில் 162 ஆட்டம். ஐ.பி.எல். லீக்கில் ஒரு டீமுக்கு 14 ஆட்டம்தான், நினைத்துப் பார். ஸ்டார்ட்டர் ஒருவர் நூறு பந்து போட்டால் அடுத்த நாலு நாள் ஓய்வு. அதனால் சுமாரான கைகளிடமும் பந்தைக் கொடுத்தே ஆக வேண்டும். சீசன் முடிந்து அக்டோபரில் நடக்கும் நாக்-அவுட் தொடர்களில் இடையிடையே ஓய்வு நாள் வரும். நம்பிக்கையான நாலைந்து கையை வைத்தே ஓட்டிவிடலாம்.

அக்டோபர் 1, மில்வாக்கியோடு, தோற்றால் வெளியே என்ற ஒற்றை ஆட்டம்: ஷெர்ஸர் ஐந்து இன்னிங்ஸ், ஸ்டார்ட்டரான ஸ்ட்ராஸ்பர்க் மூன்று, ஹட்சன் ஒன்று. அக்டோபர் 30, ஹூஸ்டனில் உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம்: ஷெர்ஸர் ஐந்து, கார்பின் மூன்று, ஹட்சன் ஒன்று. முதல் ஆட்டத்துக்கும் கடைசி ஆட்டத்துக்கும் ஒரே சமையல் குறிப்பு. எல்லா நாளும் இது பலிக்காது. இடையில் டாட்ஜர்ஸ் டீமோடு நடந்த தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் கார்பினை இப்படி நடுவில் இறக்கினார்கள், ஓர் இன்னிங்ஸ்கூட முடியாமல் ஆறு ரன் கொடுத்தார்.

அந்த ஏழாவது ஆட்டத்தை வீடியோவில் ஏழாவது இன்னிங்ஸிலிருந்து பார். ஹூஸ்டன் 2–0 முன்னிலை, அவர்களுடைய ஸ்டார்ட்டர் க்ரைன்கி அருமையாக வீசிக்கொண்டிருக்கிறார். ரென்டன் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி), சோட்டோவுக்கு வாக் (நாலு பந்து தப்பாகப் போனதால் சும்மாவே முதல் பேஸ்). 80 பந்திலேயே க்ரைன்கியை எடுத்துவிட்டார்கள். வந்தவர் வில் ஹாரிஸ். அவர் போட்ட இரண்டாவது பந்து கட்டர் என்கிற, தாழ்ந்து வெளியே விலகிப் போகிற வேகப்பந்து. மோசமான பந்தே இல்லை. ஹவி கென்ட்ரிக் மட்டையை நீட்டி வலது பக்கம் தள்ளினார், அது எல்லைக் கம்பத்தில் போய் இடித்தது. கம்பத்தில் பட்டால் ஹோம் ரன். 3–2, பிறகு 6–2. ஏழு ஆட்டத்தையும் வெளியூர் டீமே ஜெயித்த தொடர் அது. க்ரைன்கியை எடுத்தது தப்பு என்பேன் நான். ஒரே ஆட்டத்தில் மூன்றாம் முறை ஆட வரும் பேட்ஸ்மேன்கள் பிட்சரைப் படித்துவிடுவார்கள் என்று வாதாடுகிறவர்களும் உண்டு.

நேரில் போகும்போது, முந்தின இரண்டு நாள் பாக்ஸ் ஸ்கோரை (யார் எவ்வளவு ஆடினார், வீசினார் என்ற அட்டவணை) பார்த்துவிட்டுப் போ. இரண்டு நாளும் க்ளோசர் (கடைசி இன்னிங்ஸை முடித்துவைக்கும் பிட்சர்) வீசியிருந்தால் அன்று பெரும்பாலும் வர மாட்டார், கடைசி இன்னிங்ஸ் யாரோ ஒருவர் கையில்தான்.

டிக்கெட் முடிவை டிரேட் கெடு (ஜூலைக் கடைசி அல்லது ஆகஸ்ட் தொடக்கம்) தாண்டி எடு. செப்டம்பரில் போனால் தோற்கிறார்களே என்று பாதியில் எழுந்து ரயிலைப் பிடிக்க ஓடாதே. 2019 செப்டம்பர் 3, மெட்ஸோடு கடைசி இன்னிங்ஸில் 10–4 பின்தங்கியிருந்தார்கள். ஏழு ரன் எடுத்து 11–10 ஜெயித்தார்கள், கடைசி அடி கேட்சர் கர்ட் சுசுகியின் ஹோம் ரன். கூட்டத்தில் பாதி அதற்குள் மைதானத்துக்குப் பக்கத்திலிருக்கும் நேவி யார்டு ஸ்டேஷன் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போ, ராத்திரி ஆட்டம் குளிரும்.

அம்மா