திருநீறு அடைத்த ஃபில்டர்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

வாக்குவம் கிளீனர் வாங்குவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதிக வாட் உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொல்கிறது. வாட் என்பது இயந்திரம் தின்னும் மின்சாரத்தின் கணக்கு. இழுக்கும் வேகத்தின் கணக்கு அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017இல் வீட்டு வாக்குவம் கிளீனர்களுக்கு 900 வாட் என்று வரம்பு கட்டினார்கள். அதனால் அங்கே யார் வீட்டிலும் குப்பை மலிந்துவிடவில்லை.

என் அனுபவத்தில் வாங்குவது எளிது, வைத்துக் காப்பாற்றுவதுதான் பாடு. கோலமாவையும் பூஜையறையில் சிந்திய திருநீற்றையும் இயந்திரத்தாலேயே எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மார்கழியில் இழுப்பு குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் நடுவிலேயே நின்றுவிட்டது. மோட்டார் போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்றார் கடைக்காரர். மனம் கேட்காமல் தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஃபில்டரை உருவிக் காட்டினார். பவுடர் பூசிய முகம்போல வெள்ளையாக இருந்தது. உள்ளே தூசி சேரும் பை பாதிகூட நிரம்பவில்லை, ஆனால் அந்தப் பையின் நுண்ணிய துளைகளையெல்லாம் மாவு அடைத்திருந்தது. காற்று போக வழியில்லாமல் சூடேறியதால் மோட்டார் தானே நின்றிருக்கிறது. ஃபில்டரைக் கழுவி ஒரு முழுநாள் நிழலில் உலர்த்தி, புதுப் பை மாட்டியதும் பழையபடி ஓடியது. ஈரத்தோடு மாட்டிவிடாதீர்கள் என்று அவர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

கூடவே வந்த துணைக்கருவிகளோ பரணில் தூங்கின. ஒடுங்கிய முனை சோபா இடுக்குக்கும் ஜன்னல் தண்டவாளத்துக்கும், மயிர் வைத்த சிறு பிரஷ் கொசுவலைக்கும் புத்தக அலமாரிக்கும் எவ்வளவு உதவும் என்பது பிறகுதான் தெரிந்தது. தரை பிரஷின் மேல் காலால் அழுத்தும் கட்டை ஒன்று இருக்கிறது. வழவழப்பான தரைக்கு மயிர் வெளியே, கம்பளத்துக்கு உள்ளே. மூன்று ஆண்டுகள் நான் தலைகீழாகப் பயன்படுத்தியிருக்கிறேன்! வயரை இழுக்கும்போது மஞ்சள் குறி வந்தால் போதும், சிவப்பைத் தாண்டி இழுக்கக் கூடாது என்பதையும் யாரும் சொல்லவில்லை. கையேட்டில் இருந்திருக்கலாம்; அதில் தமிழ் இல்லை.

அடுத்த முறை விலைப்பட்டியலோடு நிறுத்தாமல் ஃபில்டரைப் பற்றியும் நாலு வரி எழுதுங்கள். தமிழ்க் கையேடு ஏன் தருவதில்லை என்று தயாரிப்பாளர்களிடமும் கேளுங்கள். எங்கள் வீட்டில் கோலமாவுக்கும் திருநீற்றுக்கும் இப்போது பழையபடி துடைப்பம்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை