பெட்டியின் பின்விளக்கு: பல்பை மாற்றுமுன் ஏர்த்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலபோக அறுவடை தொடங்கினால், இருட்டில் நெல் மூட்டையோடு போகும் உழவு இயந்திரப் பெட்டிகளைப் பற்றிய முறைப்பாடும் தொடங்கிவிடும். ஏ9 வீதியானாலும் பரந்தன்–முல்லைத்தீவு வீதியானாலும் கதை ஒன்றுதான். வீதியின் ஓரத்தில் நெல் காயப் போட்டிருக்கும் இடத்தில் விளக்கில்லாத பெட்டியொன்று மெதுவாகப் போனால், பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவர் அதைக் கிட்ட வந்த பிறகுதான் காண்பார். தண்டம் எழுத வேண்டும் என்கிறார்கள். எழுதட்டும். ஆனால் பல பெட்டிகளில் விளக்கு பூட்டியே இருக்கிறது, எரிவதுதான் இல்லை. பல்பை மாற்றுகிறார்கள், இரண்டு நாள் எரிகிறது, பிறகும் அணைகிறது. பிழை அனேகமாக ஏர்த்தில், அதாவது விளக்குக்கு வந்த மின்சாரம் பற்றரிக்குத் திரும்பிப் போகும் வழியில் இருக்கும்.

பெட்டிக்குத் தனி ஏர்த் வயர் போடாமல், கொழுவும் இரும்பு ஆணி வழியாகவே மின்சாரம் திரும்பிப் போகட்டும் என்று விட்டுவிடுவது இங்கே வழக்கம். முற்றத்தில் நிற்கும்போது எல்லா விளக்கும் எரியும். சேறும் கிறீசும் துருவும் ஏறிய அந்த ஆணி ஓட்டத்தில் குலுங்கத் தொடங்கினால் தொடுகை விட்டுவிட்டு வரும், விளக்கும் அப்படியே. கணக்கைப் பாருங்கள்: 5 வாட் பின்விளக்கு இரண்டு, 21 வாட் பிறேக் விளக்கு இரண்டு, ஒரு பக்கச் சிக்னல் 21 வாட். மொத்தம் 73 வாட். 12 வோல்டில் அது ஏறத்தாழ 6 அம்பியர். மற்ற வயர்கள் இதைப் பங்கிட்டுக்கொள்கின்றன, ஏர்த் மட்டும் முழுவதையும் தனியே சுமக்கிறது. அதனால் மற்றவற்றுக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் போதும், ஏர்த்துக்கு 2.5 போட வேண்டும்.

ஏர்த் பிழையைக் கண்ணாலேயே பிடிக்கலாம். இடது சிக்னலைப் போட்டால் பின்விளக்கும் அதோடு சேர்ந்து மங்கலாகத் துடிக்கிறதா? பிறேக்கை மிதித்தால் எரிந்துகொண்டிருந்த பின்விளக்கு அணைகிறதா? பல்பில் பிழையில்லை. திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் பக்கத்து இழை வழியாக நுழைந்து, இயந்திரத்தின் விளக்குகளூடாக ஏர்த்தைத் தேடுகிறது. ஒரு பக்க விளக்கு மட்டும் இப்படிச் செய்தால் அந்த விளக்கின் ஏர்த்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் செய்தால், பெட்டியின் வயர்களை இயந்திரத்தோடு இணைக்கும் பிளக்கில் ஏர்த்துக்குரிய 3ஆம் பின்னிலிருந்து தொடங்குங்கள்.

ஏழு பின் பிளக்கில் இலக்கம் அச்சிட்டே வரும். 1 இடது சிக்னல், மஞ்சள் வயர். 2 பனிமூட்ட விளக்கு, நீலம். இங்கே பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். 3 ஏர்த், வெள்ளை. 4 வலது சிக்னல், பச்சை. 5 வலது பின்விளக்கு, மண்ணிறம். 6 பிறேக், சிவப்பு. நடுவில் இருக்கும் 7 இடது பின்விளக்கு, கறுப்பு. நிறத்தை நம்பாதீர்கள், முன்னர் கைவைத்தவர் கிடைத்த வயரைப் போட்டிருப்பார். இலக்கத்தை நம்புங்கள். பிளக்கும் சொக்கெட்டும் முன்னிருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் என்பதால், படத்தைப் பார்த்துப் பூட்டுபவர்கள் இடதை வலதாக்கிவிடுகிறார்கள். பழைய லொறியில் கழற்றிய 24 வோல்ட் சொக்கெட்டைப் பூட்டினால் இன்னும் கரைச்சல்: அதில் ஏர்த் 1ஆம் பின், இடது சிக்னல்தான் 3. 24 வோல்ட் பல்பும் 12 வோல்டில் மங்கலாகத்தான் எரியும்.

சோதிக்கும்போது முதலில் பெட்டியையும் இயந்திரத்தையும் பிரித்துப் பாருங்கள். ஒரு 21 வாட் பல்ப் ஹோல்டரில் இரண்டு வயர் கட்டி, ஒன்றை இயந்திரத்தின் சொக்கெட்டில் 3ஆம் பின்னுக்குக் கொடுத்து, மற்றதால் ஏனைய பின்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ஏர்த் முனையை இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் (சேசியில்) பிடித்துச் சோதித்தால் எல்லாம் நன்றாக எரிந்து ஏமாற்றிவிடும், ஏனென்றால் 3ஆம் பின்னை நீங்கள் சோதிக்கவே இல்லை. மீற்றர் மட்டும் போதாது. ஒரேயொரு கம்பியிழையில் தொங்கும் வயரும் சுமையில்லாதபோது 12 வோல்ட் காட்டும், 21 வாட் பல்பைக் கொடுத்தால்தான் சாயம் வெளுக்கும். பிறேக் பின்னைச் சோதிக்கும்போது இரண்டு பிறேக் மிதியையும் கொளுக்கி போட்டுச் சேர்த்து மிதியுங்கள். சில இயந்திரங்களில் சுவிச் ஒரு மிதியில்தான் இருக்கும்.

அடுத்தது பெட்டி. வேறொரு 12 வோல்ட் பற்றரியின் நெகட்டிவை பெட்டிப் பிளக்கின் 3ஆம் பின்னில் கொடுத்து, பொசிட்டிவை 10 அம்பியர் பியூஸ் ஒன்றினூடாக மற்றப் பின்களில் தொடுங்கள். எல்லாம் பளிச்சென்று எரிந்தால் பெட்டியில் பிழையில்லை. கடைசியாக இரண்டையும் கொழுவி, விளக்கையும் பிறேக்கையும் போட்ட நிலையில், இயந்திரப் பற்றரியின் நெகட்டிவுக்கும் பின்விளக்கின் ஏர்த்துக்கும் இடையில் மீற்றரை வையுங்கள். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் இன்னும் சரியில்லை. பல்புக்குப் போகும் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

திருத்தும்போது பச்சை பூத்த வயரைச் சுரண்டி மறுபடி பூட்டுவதில் பயனில்லை, பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டி எறியுங்கள். முறுக்கி ரேப் சுற்றிய மூட்டு ஒரு மாரியைத் தாண்டாது. ஈயம் வைத்துச் சுருங்குகுழாய் போட்டு, மூட்டு ஆடாதபடி சட்டத்தோடு கட்டுங்கள். வயர் சட்டத்துத் துளையால் போகுமிடத்தில் ரப்பர் வளையம் போடாவிட்டால் இரும்பு உறையை அறுத்துவிடும், பியூஸ் அடிக்கடி போவதற்கு அதுவும் காரணம். பியூசுக்குப் பதிலாகக் கம்பி சுற்றுவது வயர் முழுவதையும் எரிப்பதற்கான ஏற்பாடு. நெல் ஏற்றிய பெட்டி நிற்குமிடத்தில் எலி வரும் என்பதையும் கணக்கில் எடுங்கள். பிளக்கின் பின்களில் மெல்லியதாக வாசலீன் பூசி, கழற்றியதும் வாய் கீழ்நோக்கித் தொங்கவிடுங்கள். நிலத்தில் போட்டால் சேறு நிரம்பிவிடும்.

கமநல சேவை நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுவடைக்கு முன்பு ஒரு நாளை ஒதுக்கி, கமக்கார அமைப்புகளூடாகப் பெட்டிகளை வரவழைத்துச் சோதித்துக் கொடுக்கலாம். ஒரு பற்றரி, ஒரு 21 வாட் பல்ப், ஒரு மீற்றர், ஒரு சுருள் 2.5 வயர், கொஞ்சம் பிளக்கும் பல்பும் இருந்தால் வேலை நடக்கும். பற்றரியே இல்லாத இரண்டு சில்லு இயந்திரங்களின் பெட்டிகளுக்குச் சிவப்புத் தெறிப்பான்களைப் பூட்டிவிடலாம். வைக்கோலும் படங்கும் மறைக்காத உயரத்தில் பூட்ட வேண்டும்.

இப்படிக்கு,
வாகன மின்வேலை செய்வோர் சிலர்,
கிளிநொச்சி.